கோரல்டிரா ஃபைலுக்குள்ள என்னதான் இருக்கு? லினக்ஸ்ல திறக்குறவங்க சொல்லுங்க

மூஞ்சிக்கல் டிடிபி:

வணக்கம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல டிடிபி கடை வச்சிருக்கேன். மாமனார் தொண்ணூறுகள்ல தொடங்கினது, இப்ப நான் பாத்துக்குறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, திருவிழா நோட்டீஸ், பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு வியாபாரிங்களுக்கு மூட்டை லேபிள், தைல பாட்டில் ஸ்டிக்கர், ஹோம்மேட் சாக்லேட் பெட்டி. அத்தனை வருச வேலையும் சிடிஆர் ஃபைலாத்தான் கிடக்கு, அதாவது கோரல்டிரா சேவ் பண்ணுற ஃபைல்.

கடையில இருக்குறது கோரல்டிரா 11, டிசைன் வரையுற சாஃப்ட்வேர். பில் போட்டு வாங்கினது, பெட்டிகூட அலமாரியில இருக்கு. அது ஓடுற எக்ஸ்பி மெஷின்தான் இனி தாங்காது. ஐப்பசி மழையில காலையில ஆன் ஆகணும்னா கேபினட்டைத் திறந்து ஹேர் டிரையர் காட்டணும். அதனால பக்கத்துல ஒரு லினக்ஸ் மெஷின் போட்டு இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் ரெண்டும் ஏத்தியிருக்கேன்.

நிலவரம் என்னன்னா: மாமனார் காலத்து ஃபைல் பெரும்பாலும் இங்க்ஸ்கேப்ல திறக்குது. பார்டர், குத்துவிளக்கு, பிள்ளையார் எல்லாம் அச்சு அசலா வருது. தமிழ் மட்டும் வரல. சில வரியில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது, சில வரியில ரஷ்ய எழுத்து மாதிரி, ஒரு இடத்துல சீன எழுத்தே வந்துச்சு. மதுரையிலிருந்து ஒரு டிசைனர் அனுப்புற புது ஃபைல் என் 11-ல திறக்கவே திறக்காது, ஆனா லினக்ஸ்ல திறக்குது. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். மிச்சம் இருக்குறது பழைய சிடியிலிருந்து எடுத்தது. இங்க இருக்குற ஈரத்துல சிடி மேல பூஞ்சை படிஞ்சிருச்சு. காப்பி ஆன ஃபைல்ல சிலது எதுலயுமே திறக்கல.

யாரைக் கேட்டாலும் "கிராக் பண்ணுன புது வெர்ஷன் பென்டிரைவ்ல தர்றேன்"னு சொல்றாங்க. அது வேண்டாம். மாத்தித் தர்ற வெப்சைட்டும் வேண்டாம், கஸ்டமர் லேபிளை முன்னப்பின்னத் தெரியாத இடத்துல ஏத்த மனசில்ல.

நான் கேக்குறது வேற. இந்த ஃபைல் அமைப்பைக் கம்பெனி வெளியிடலைங்குறாங்க. அப்புறம் எப்படி இங்க்ஸ்கேப்காரங்க கண்டுபிடிச்சாங்க? அதே வேலையை நான் செய்ய முடியுமா? டிப்ளமோ முடிச்சவ, பைத்தான் கொஞ்சம் வரும். செஞ்சா சட்டப்படி தப்பா?

ஆரம்பமா ஒண்ணு செஞ்சு பாத்தேன். 11-ல கிரிட்ல ஒட்டுற மாதிரி வச்சு 10 மில்லிமீட்டர் கட்டம் ஒண்ணு வரைஞ்சு சேவ் பண்ணேன். புதுப் பக்கத்துல 11 மில்லிமீட்டர் கட்டம் வரைஞ்சு வேற பேர்ல சேவ் பண்ணேன். ரெண்டையும் ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைலை பைட்டு பைட்டா காட்டுறது) பக்கத்துல பக்கத்துல வச்சா பாதி ஃபைல் மாறியிருக்கு. ஒரே ஒரு அளவு மாறினதுக்கு இவ்வளவா?


தாண்டிக்குடி மிளகு:

கேள்வியை விட அந்தக் கடைசிப் பத்திதான் எனக்குப் பிடிச்சது. சொல்லித் தராமலே சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. ஃபைல் வடிவத்தைக் கண்டுபிடிக்குறவங்க செய்யுறது அதேதான்: தெரிஞ்ச ஒண்ணை வரை, சேவ் பண்ணு, ஒண்ணே ஒண்ணை மாத்து, திரும்ப சேவ் பண்ணு, எது மாறுச்சுன்னு பாரு. கோரல்டிராவோட நிரலைப் பிரிக்கணும்னு அவசியமே இல்ல, அது எழுதிப் போடுற ஃபைலைப் படிச்சாப் போதும்.

(நான் சென்னையில சாஃப்ட்வேர் வேலை பார்த்துட்டு இப்ப தாண்டிக்குடியில காப்பியும் மிளகுமா இருக்கேன். மழை நாள்ல வேற வேலை கிடையாது, அதனால பதில் நீளமா வரும்.)

வரலாறைச் சுருக்கமா சொல்லிடுறேன். உக்ரைன்ல எஸ்கே1-ன்னு ஒரு குழு, அவங்க யூனிகன்வெர்ட்டர் கருவியில சிடிஆர் படிக்கிறதுக்கு வழி பண்ணியிருந்தாங்க. வாலெக் பிலிப்போவ் இந்த மாதிரி ஃபைல்களைப் பிரிச்சு மேயுறதுக்குன்னே ஓஎல்ஈ டாய்-னு ஒரு கருவி எழுதினார். லிப்ரே ஆபீஸ் ஆளான ஃப்ரிட்ரிக் ஸ்ட்ர்பாவும் அவரும் சேர்ந்து லிப்சிடிஆர் நூலகத்தைக் (மத்த சாஃப்ட்வேர் எடுத்துப் பயன்படுத்துற நிரல் தொகுப்பு) கொண்டுவந்தாங்க. 2012 ஆகஸ்ட்ல வந்த லிப்ரே ஆபீஸ் 3.6-ல அது சேர்ந்துச்சு, 2015 ஜனவரி இங்க்ஸ்கேப் 0.91-லயும் வந்துச்சு. 2014 ஏப்ரல்ல டாக்குமென்ட் லிபரேஷன் புராஜெக்ட்-னு பேர் வச்சு விசியோ, பப்ளிஷர், ஃப்ரீஹேண்ட் நூலகங்களையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்தாங்க. நீங்க லினக்ஸ்ல திறக்குற ஒவ்வொரு சிடிஆரும் அவங்க உழைப்பு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, லிப்சிடிஆர் படிக்க மட்டும்தான் செய்யும், சிடிஆரா எழுதாது.

இப்ப உங்க ஃபைலுக்கு வருவோம். முதல் நாலு பைட்டைப் பாருங்க, ஆர், ஐ, எஃப், எஃப்-னு நாலு எழுத்து இருக்கும். வேவ் ஒலிக் கோப்பும் ஏவிஐ வீடியோவும் தொடங்குறது இப்படித்தான், ரிஃப்-னு சொல்லுவாங்க. அடுத்த நாலு பைட்டு நீளம், மதிப்பு குறைஞ்ச பைட்டு முன்னால. அடுத்து சி, டி, ஆர், அதுக்குப் பின்னாடி ஒரே ஒரு எழுத்து. அதுதான் பதிப்பு. 9-ன்னு இருந்தா ஒன்பது, பத்துக்கு ஏ, உங்க பதினொண்ணுக்கு பி. மூணாவது பதிப்புல அந்த இடம் காலியா இருக்கும். அதுக்கும் முந்தின ஒண்ணு, ரெண்டு பதிப்புல ரிஃப்பே கிடையாது, டபிள்யூ, எல்-னு ரெண்டு எழுத்துல தொடங்கும்.

மதுரை டிசைனர் ஃபைல் இந்த மாதிரி இருக்காது. 2008-ல வந்த எக்ஸ்4-லிருந்து சிடிஆர்ங்குறது ஒரு ஜிப் ஃபைல். பேரைக் கடைசியில ஜிப்-னு மாத்தித் திறந்து பாருங்க. எக்ஸ்4, எக்ஸ்5-ல உள்ள கன்டென்ட் ஃபோல்டருக்குள்ள ரிஃப்டேட்டா-னு ஒரே ஃபைலா பழைய சாமான் அப்படியே உட்கார்ந்திருக்கும். எக்ஸ்6-லிருந்து அதையும் பிரிச்சு ரூட்-னு ஒரு ஃபைலும் டேட்டா ஃபோல்டர்ல பல துண்டுகளுமா போட்டுட்டாங்க. உங்க 11-க்கு ஜிப்பைத் திறக்கணும்னே தெரியாது, லிப்சிடிஆருக்குத் தெரியும். உங்க ஆச்சரியத்துக்கு விடை அவ்வளவுதான்.

ரிஃப்புக்குள்ள எல்லாம் துண்டு துண்டா இருக்கும். நாலு எழுத்துப் பேர், நாலு பைட்டு நீளம், அப்புறம் சரக்கு. பேஜ், லேயர், குரூப், ஆப்ஜெக்ட்-னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உருவத்தோட சங்கதி எல்லாம் லோடா-ங்குற துண்டுல. நிறம் எஃப்ஐஎல்டி, வெளிக்கோடு ஓயுடிஎல், எழுத்து டிஎக்ஸ்எஸ்எம், இடம் மாத்துறது சாய்க்குறது எல்லாம் டிஆர்எஃப்டி.

பாதி ஃபைல் மாறினதுக்குக் காரணம்: உங்க பதிப்புல இந்தத் துண்டுகளை அப்படியே எழுதுறதில்ல. சிஎம்பிஆர்-னு ஒரு பட்டியலுக்குள்ள ஸெட்லிப்-ங்குற அமுக்குற முறையால இடம் குறைச்சு வைக்குது. அமுக்கின டேட்டாவுல ஒரு எண் மாறினா அதுக்குப் பின்னாடி எல்லாமே புரண்டுடும். சிஎம்பிஆருக்கு அப்புறம் சி, பி, என், ஜி-னு நாலு எழுத்து தேடுங்க. அதைத் தாண்டி நாலு பைட்டு விட்டா 120-ங்குற பைட்டுல ஸெட்லிப் தொடங்கும். அங்கிருந்து வெட்டியெடுத்துப் பைத்தான்ல பிரிங்க. பிரிச்ச ரெண்டையும் ஒப்பிடுங்க.

தேட வேண்டிய எண்ணையும் சொல்லிடுறேன். ஆறாம் பதிப்பிலிருந்து நீளத்தை ஓர் அங்குலத்துக்கு 2,54,000 கூறா எழுதுது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம். (அதுக்கு முன்னாடி அங்குலத்துக்கு ஆயிரம்தான், அதுவும் ரெண்டே பைட்டுல.) உங்க 10 மில்லிமீட்டர் ஒரு லட்சம். நாலு பைட்டா எழுதினா 160, 134, 1, 0. அகலமும் உயரமும் மட்டும்தான் லோடாவுல கிடைக்கும், பக்கத்துல எங்க இருக்குங்குறது டிஆர்எஃப்டி-ல எட்டு பைட்டுத் தசம எண்ணா இருக்கும். கட்டத்தை நகர்த்தி சேவ் பண்ணிப் பாருங்க, புரியும்.

இதெல்லாம் செய்யுறதுக்கு முன்னாடி ஒண்ணு. எதையும் மாத்தாம ஒரே ஃபைலை ரெண்டு பேர்ல சேவ் பண்ணி ஒப்பிடுங்க. அதுலயும் சிலது மாறும். அது சத்தம். எது சத்தம்னு தெரியாம இறங்கினா ராத்திரி முழுக்க சேவ் பண்ணுன நேரத்தைப் போய் ஆராய்ஞ்சுட்டு இருப்பீங்க.


வத்தலக்குண்டு ஃப்ளெக்ஸ்:

அக்கா, மிளகு அண்ணன் சொல்றது எல்லாம் நல்லாத்தான் இருக்கு, படிக்கவே எனக்கு மலைப்பாத் தெரியுது. கடை நடத்துறவன் கணக்குல நான் ஒண்ணு சொல்றேன். எக்ஸ்பி மெஷின் உசுரோட இருக்கும்போதே, திரும்பத் திரும்ப வர்ற வேலையை எல்லாம் திறந்து கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் க்யூ அடிச்சு கர்வ் போட்டு ஒரு காப்பி, பிடிஎஃப் ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க. ஒரிஜினலைத் தொடாதீங்க. கர்வ் போட்டதுக்கப்புறம் ஃபான்ட்டே வேண்டாம், லினக்ஸ்ல தமிழ் அப்படியே நிக்கும். எங்களுக்கு ஃப்ளெக்ஸுக்கு அனுப்புறவங்க கிட்ட நாங்க கேக்குறதும் அதானே, "கர்வ் போட்டு அனுப்புங்க"ன்னு.

ஆனா பேரும் தேதியும் மாறுற பத்திரிகைக்கு இது ஆகாது. கர்வ் போட்டா அப்புறம் எழுத்து எழுத்தா இருக்காது, படம்தான். "திருவளர்செல்வன்" பக்கத்துல பேரை மாத்தணும்னா முழு வரியும் திரும்ப அடிக்கணும்.

இன்னொண்ணு, ஃபான்ட் எந்த வகைன்னு முதல்ல பிரிங்க. பாமினின்னா அது ஆங்கில எழுத்து இடத்துலயே தமிழை வச்சிருக்கு. அதான் உங்களுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா தெரியுது, லினக்ஸ்ல பாமினி ஃபான்ட்டைப் போட்டு செலக்ட் பண்ணா சரியாயிரும். டேம், டேப்-ங்குற பழைய தமிழ்க் குறியாக்கத்து ஃபான்ட்ல அடிச்சதுதான் வம்பு.


மூஞ்சிக்கல் டிடிபி:

ரெண்டு பேருக்கும் நன்றி. கர்வ் வேலையைத் தொடங்கிட்டேன், தைல லேபிள் எல்லாம் முடிஞ்சது.

மிளகு அண்ணா, 160, 134, 1, 0 கிடைச்சிருச்சு! நேரா ஃபைல்ல தேடினப்ப இல்ல, ஸெட்லிப்பைப் பிரிச்சதும் லோடாவுக்குள்ள நிக்குது. 11 மில்லிமீட்டர் ஃபைல்ல அதே இடத்துல 176, 173, 1, 0. கணக்குப் போட்டுப் பாத்தா 1,10,000. கடையில தனியா உக்காந்து சிரிச்சேன், மெனு கார்டு வாங்க வந்தவர் என்னமோ மாதிரி பாத்தாரு.

நகர்த்தியும் பாத்தேன், லோடா அசையல, டிஆர்எஃப்டி மட்டும் மாறுது.

இப்ப புரியாதது. பிரிச்ச டேட்டாவுல துண்டோட பேருக்கு அடுத்து நாலு பைட்டு நீளம் வரணும்னு சொன்னீங்க. அங்க ரொம்பச் சின்ன எண்ணா வருது. பேஜுக்கு ஒரு சின்ன எண், லோடாவுக்கு இன்னொண்ணு, கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, சிலது திரும்பவும் அதே எண்ணே வருது. அந்த நீளத்தை நம்பித் தாவினா துண்டோட நடுவுல போய் விழுறேன். ஒரே எண் வர்ற துண்டுங்க எல்லாம் உண்மையில ஒரே அளவாத்தான் இருக்குன்னு கையால எண்ணிப் பாத்துட்டேன். அப்போ இது நீளம் இல்ல, நீளத்தோட அட்டவணைக்கு ஏதோ வரிசை எண்ணோன்னு சந்தேகம். சரியா?

சிடி ஃபைலையும் பாத்தேன். திறக்காத ஃபைல் எல்லாத்துலயும் முதல் பன்னிரண்டு பைட்டு சரியா இருக்கு. ஆனா ரிஃப் சொல்ற நீளத்தை விட டிஸ்க்ல இருக்குற ஃபைல் சின்னது. பாதியில அறுந்திருக்கு. இதுல எதையாவது காப்பாத்த முடியுமா? பேரு எல்லாம் ஒண்ணு, ரெண்டு, புதுசு, புதுசு2-ன்னு மாமனார் வச்சிருக்காரு, எது யாரோட லேபிள்னுகூட தெரியல.


வழக்குப் பேச்சு:

சட்டக் கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை என்பதால் எழுதுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1). பதிப்புரிமை மீறல் ஆகாத செயல்களின் பட்டியல் அது. அதில் 'ஏபி' என்ற கூறு, முறையாக ஒரு மென்பொருளை வைத்திருப்பவர், தனியாக உருவாக்கப்பட்ட வேறு மென்பொருளை அதனோடு ஒத்தியங்கச் செய்யத் தேவையான தகவலைப் பெற வேண்டியதைச் செய்யலாம் என்கிறது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த கூறு 'ஏசி', மென்பொருளை அதன் வழக்கமான பயன்பாட்டின்போது கவனித்து, ஆராய்ந்து, சோதித்து, அடிப்படைக் கருத்துகளை அறிவதையும் அனுமதிக்கிறது. நீங்கள் செய்தது இந்த இரண்டாவது வகைக்கு அப்படியே பொருந்துகிறது: வாங்கிய மென்பொருளில் கட்டம் வரைந்தீர்கள், அது எழுதியதைப் படித்தீர்கள்.

"முறையாக வைத்திருப்பவர்" என்பதைக் கவனியுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பென்டிரைவில் வரும் கிராக்கை வைத்து இதே சோதனையைச் செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஐரோப்பாவில் 2012 மே மாதம் எஸ்ஏஎஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் அங்குள்ள நீதிமன்றம், ஒரு நிரலின் செயல்பாடோ அது பயன்படுத்தும் தரவுக் கோப்பின் வடிவமோ மென்பொருள் பதிப்புரிமைக்குள் வராது என்று சொன்னது. நம் ஊர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் எடுத்து வைக்கலாம். எழுத்துருக் கோப்பு தனி விஷயம். அதுவும் ஒருவருடைய சரக்குதான். மாதிரி அனுப்பும்போது எழுத்துருவைச் சேர்த்து அனுப்பாதீர்கள்.


தாண்டிக்குடி மிளகு:

அட்டவணைதான். நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க, நான் ஆமான்னு மட்டும் சொல்றேன். சிஎம்பிஆர் பட்டியல்ல ஸெட்லிப் கட்டு ஒண்ணு இல்ல, ரெண்டு. முதல்ல இருக்குறது சரக்கு. அது முடிஞ்சதும் திரும்ப அதே சி, பி, என், ஜி வரும், அதைப் பிரிச்சா வரிசையா நாலு நாலு பைட்டு எண்கள். உண்மையான நீளங்கள் அவைதான். துண்டுக்குப் பக்கத்துல இருக்குற சின்ன எண் அந்த வரிசையில எத்தனாவதுன்னு மட்டும் சொல்லுது, பூஜ்யத்திலிருந்து எண்ணணும்.

லோடாவுக்குள்ளயும் இதே மாதிரி ஒரு குறும்பு உண்டு. தலைப்புல எத்தனை விவரம், அது எங்க தொடங்குது, விவர வகைப் பட்டியல் எங்க தொடங்குது, இது என்ன உருவம்னு எண்கள் வரும். உருவ எண் 1-னா கட்டம், 2 வட்டம், 3 கோடும் வளைவும், 4 தனி எழுத்து, 5 படம், 6 பத்தி எழுத்து. விவரங்களோட வகை மட்டும் தலைகீழ் வரிசையில எழுதியிருக்கும், கடைசியிலிருந்து படிக்கணும். வகை 30-னா புள்ளி அளவுகள், 20-னா எந்த நிறம், 10-னா எந்த வெளிக்கோடு. வளைவுக்குப் போனா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைட்டு வகை இருக்கும். அதுல 64 மட்டும் இருந்தா நேர்கோடு, 128 மட்டும்னா வளைவு முடியுற இடம், ரெண்டும் சேர்ந்து 192-னா வளைவை இழுக்குற கைப்பிடி. ரெண்டும் இல்லைன்னா பேனாவைத் தூக்கி வைக்குற இடம். உங்க மாமனார் வரைஞ்ச பிள்ளையார் முழுக்க இந்த நாலுலதான் இருக்காரு.

அறுந்த ஃபைல் விஷயம். எது யாரோடதுன்னு தெரிஞ்சுக்க ஒரு சுலப வழி இருக்கு. ரிஃப் தலைப்புக்கு அப்புறம் சீக்கிரமே டி, ஐ, எஸ், பி-னு ஒரு துண்டு வரும். அது சின்ன முன்னோட்டப் படம், அமுக்காம இருக்கும். அதோட முதல் நாலு பைட்டைத் தள்ளிட்டு மிச்சத்துக்கு முன்னாடி பிஎம்பி ஃபைலோட பதினாலு பைட்டுத் தலைப்பை எழுதி ஒட்டினா எந்தப் பட வியூவர்லயும் திறக்கும். வால்தானே அறுந்திருக்கு, தலையில இருக்குற இந்தப் படம் பெரும்பாலும் பிழைச்சிருக்கும். மெஷினை விட்டு எல்லா ஃபைலுக்கும் இதைப் பண்ணி அந்தப் படத்துக்கே ஃபைல் பேரை வச்சுடுங்க, புதுசு2 யாருன்னு தெரிஞ்சுடும்.

உள்ளே இருக்குறதை மீட்குறது அறுந்த இடத்தைப் பொறுத்தது. முழுசா வந்து சேர்ந்த சிஎம்பிஆர் பட்டியல் எல்லாம் பிழைக்கும். நடுவுல அறுந்ததுன்னா, பைத்தான்ல டிகம்ப்ரஸ் ஆப்ஜெக்ட்-னு ஒண்ணு இருக்கு, வந்த வரைக்கும் பிரிச்சுக் குடுக்கும். ஆனா நீள அட்டவணை பின்னாடிதானே இருந்தது, அது போயிருக்கும். லோடா, டிஆர்எஃப்டி-ன்னு பேரைத் தேடித் தேடித்தான் எல்லையைப் பிடிக்கணும். ஒரு துண்டு அடுத்த துண்டோட பேர் வரைக்கும்னு வச்சுக்கிட்டா லேபிளுக்குப் பாதகமில்ல.

இனி தமிழ். இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. உங்க ஃபைலுக்கு ரெண்டு பூட்டு. ஒண்ணு சிடிஆர். அதை யாரோ ஊர் பேர் தெரியாதவங்க உக்காந்து திறந்து குடுத்துட்டாங்க. இன்னொண்ணு ஃபான்ட். அது நம்ம ஊர்ல நாமே போட்டது, அதைத் திறக்க உக்ரைன்ல இருந்து யாரும் வர மாட்டாங்க.

கோரல்டிராவுக்கு யூனிகோட் எழுத்து வந்தது பன்னிரண்டாம் பதிப்புலதான். அதுவரைக்கும் எழுத்துங்குறது வெறும் பைட்டு, 0-லிருந்து 255 வரை ஒரு எண். அந்த எண்ணுக்கு என்ன உருவம்னு ஃபான்ட்தான் முடிவு பண்ணும். பாமினி கீழ்ப்பாதியில இருக்குறதால தப்பிச்சுது, ஃப்ளெக்ஸ் தம்பி சொன்னது சரி. டேமும் டேபும் 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் வந்த தரங்கள். டேப்ல கீழ் 128 இடம் ஆங்கிலத்துக்கு, மேல்பாதி தமிழுக்கு. மேல்பாதி பைட்டு வரும்போது லிப்சிடிஆருக்கு இது எந்த மொழின்னு தெரியணும். ஃபான்ட் துண்டுல மொழிக் குறிப்பு இருந்தா எடுத்துக்கும். இல்லைன்னா எழுத்தைப் பாத்து ஊகிக்கும், ரஷ்ய மொழியா, ஜப்பானிய மொழியான்னு. அந்த ஊகிக்குற பட்டியல்ல டேமும் கிடையாது, டேபும் கிடையாது. அதுவும் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் தனித்தனியா ஊகிக்குது. அதான் ஒரே நோட்டீஸ்ல ஒரு வரி ரஷ்யாவுலயும் அடுத்த வரி சீனாவுலயும் நிக்குது. சீன எழுத்தா வந்த வரியில ரெண்டு பைட்டை ஒண்ணா ஒட்டிட்டதால ஃபான்ட்டை மாத்தினாலும் சரியாகாது.

வழி ஒண்ணு உண்டு, உங்களால முடியும். 11-ல அந்த ஃபான்ட்டை வச்சு ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு 0033-லிருந்து 0255 வரைக்கும் ஒவ்வொரு எழுத்தா, ஒரு வரிக்கு ஒண்ணா அடிங்க. பக்கத்துல எண்ணையும் எழுதுங்க. அதுதான் உங்க சாவி அட்டவணை. அப்புறம் லிப்சிடிஆர் ஊகத்தை நம்பாம, நீங்க பிரிச்ச டேட்டாவுல டிஎக்ஸ்எஸ்எம் துண்டிலிருந்து பைட்டை நேரா எடுத்து அட்டவணையில போட்டு யூனிகோடா மாத்துங்க. ஒரு எச்சரிக்கை: பழைய ஃபான்ட்ல கண்ணால பாக்குற வரிசைதான். "கெ" அடிக்கக் கொம்பு முதல்ல, ககரம் பின்னால. யூனிகோட்ல ககரம்தான் முதல்ல. "கொ"வுக்குக் கொம்பு, ககரம், கால்னு மூணு துண்டு வரும், அதைச் சேர்த்து ஒரு உயிர்க்குறியா ஆக்கணும்.

உங்க ஊர் சூரிய ஆய்வகத்துல நூறு வருசத்துக்கும் மேல எடுத்த சூரியப் படத் தட்டுகளை டிஜிட்டலாக்கி ஃபிட்ஸ்-னு ஒரு வடிவத்துல வச்சிருக்காங்க. 1981-லிருந்து எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்ட வடிவம் அது, யாரும் ஹெக்ஸ் எடிட்டரோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல. கல்யாணப் பத்திரிகைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, என்ன பண்றது.


மூஞ்சிக்கல் டிடிபி:

முன்னோட்டப் படம் வந்துருச்சு, அண்ணா. அறுந்த ஃபைல்ல முக்கால்வாசிக்கு மேல யாரோடதுன்னு தெரிஞ்சிருச்சு. பாதி எங்க மாமனார் பண்ணுன பேரிக்காய் பெட்டி லேபிள், அந்தத் தோட்டமே இப்ப ரிசார்ட்டா ஆயிருச்சு, அதை மீட்டு என்ன பண்ண. மிச்சத்தைப் பாக்குறேன்.

டேம் அட்டவணை தயார். அட்டவணை ஃபைலை லிப்சிடிஆர்காரங்களுக்கு அனுப்பலாமா? அவங்க தமிழைச் சேர்ப்பாங்களா? எப்படி அனுப்பணும்?


தாண்டிக்குடி மிளகு:

அனுப்புங்க. லிப்ரே ஆபீஸை நடத்துற டாக்குமென்ட் ஃபவுண்டேஷனோட பக்சில்லா தளத்துல லிப்சிடிஆருக்குக் குறை பதியலாம். சேர்ப்பாங்களான்னா, சரியான மாதிரி இருந்தா சேர்க்குறது சுலபம், மாதிரி இல்லாம யாராலயும் சேர்க்க முடியாது. கஸ்டமர் ஃபைலை அனுப்பாதீங்க, அதுல ஃபோன் நம்பர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் இருக்கும். அந்த அட்டவணை சிடிஆர் ஒண்ணு, அதையே 11-லிருந்து எடுத்த பிடிஎஃப் ஒண்ணு, இங்க்ஸ்கேப்ல எப்படித் தெரியுதுன்னு ஒரு படம். கோரல்டிரா 11-ல செஞ்சது, ஃபான்ட் பேர் இது, குறியாக்கம் டேம்-னு ரெண்டு வரி. பிடிஎஃப்ல எழுத்தைக் கர்வ் போட்டுடுங்க, வழக்கு ஐயா சொன்ன மாதிரி ஃபான்ட் உள்ள போயிடக் கூடாது.

ஃபான்ட் பேரை வச்சு மொழியைக் கண்டுபிடிக்குற வழக்கம் லிப்சிடிஆர்ல ஏற்கனவே இருக்கு, பேர் முடிவுல சிர்-னு இருந்தா ரஷ்ய எழுத்து, கிரீக்-னு இருந்தா கிரேக்கம்னு எடுத்துக்கும். தமிழுக்கும் அதே இடத்துல சேர்க்கலாம்னு எழுதுங்க. உங்க கடையில இருக்குற டேம் ஃபான்ட்களோட பேர்ப் பட்டியல் அவங்களுக்குத் தங்கம்.


வத்தலக்குண்டு ஃப்ளெக்ஸ்:

அண்ணே, எங்கிட்ட பழைய பேஜ்மேக்கர் ஃபைல் ஒரு மூட்டை இருக்கு. அதுக்கும் இதே வழியா?


தாண்டிக்குடி மிளகு:

இல்ல தம்பி. அது ரிஃப் இல்ல, பழைய வேர்டு டாக் ஃபைல் மாதிரி ஓஎல்ஈ பெட்டி, அதுக்குள்ள பேஜ்மேக்கர்-னு ஒரு ஓடை. லிப்பேஜ்மேக்கர்-னு தனி நூலகம் இருக்கு, 2015 ஜனவரியில வந்த லிப்ரே ஆபீஸ் 4.4-லிருந்து திறக்கும். முதல்ல லிப்ரே ஆபீஸ் டிரால திறந்து பாருங்க. வரலைன்னா எந்தப் பதிப்புன்னு போட்டுத் தனி இழை தொடங்குங்க, இங்க கலக்க வேண்டாம்.